சக்கரம் வைத்த பையும் இரண்டு எலுமிச்சம்பழமும்

கடலுக்கு அடியில் போக முதலில் என்ன வேண்டும் என்று என்னிடம் கேட்பவர்கள், தைரியம் என்றோ நீச்சல் என்றோ பதில் வரும் என்று எதிர்பார்ப்பார்கள். நான் பை என்பேன். தண்ணீருக்குள் முக்கால் மணி நேரம் எடையே இல்லாமல் மிதப்பதற்கு, தரையில் இருபது கிலோ சாமானைத் தூக்கிக்கொண்டு பஸ், ரயில், விமானம், படகு என்று ஏறி இறங்க வேண்டும். ஸ்கூபா டைவிங் விளம்பரங்களில் ஆமை வரும், பவளம் வரும், சிரிக்கிற பெண் வருவாள். மூட்டை தூக்குகிறவன் மட்டும் வர மாட்டான்.

எனக்குச் சொந்த ஊர் திருத்தணிக்கும் கனகம்மாசத்திரத்துக்கும் நடுவில் ஒரு கிராமம். அங்கிருந்து கடலைப் பார்க்க வேண்டுமானால் இரண்டு பஸ் மாற வேண்டும். நான் நீச்சல் கற்றது எங்கள் நிலத்துக் கிணற்றில், முதுகில் மண்ணெண்ணெய் கேனைக் கட்டிக்கொண்டு. பிறகு ஒரு கார் பாகங்கள் செய்யும் தொழிற்சாலையில் வேலைக்குப் போனேன், மாதம் முடிந்தால் சம்பளம் வந்தது, எல்லோரும் நிம்மதியாக இருந்தார்கள். ஆறு வருஷத்துக்கு முன்னால் அந்த வேலையை விட்டுவிட்டு, சென்னையில் ஒரு டைவிங் பயிற்சிக் கூடத்தில் சிலிண்டருக்குக் காற்று நிரப்பப் போனேன். அன்றிலிருந்து என் நைனா, அதாவது அப்பா, என் தொழிலைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசியதில்லை. மழை, மாடு, கரண்டு எல்லாம் பேசுவார். தண்ணீர் என்ற சொல் வந்தால் எழுந்து போய்விடுவார்.

காற்று நிரப்பியபடியே படித்துப் பயிற்சியாளர் சான்றிதழும் வாங்கியிருந்த எனக்கு, முப்பத்தாறு வயதில் ஒரு அழைப்பு வந்தது. மாலத்தீவில் ஒரு சின்னத் தீவு. பத்து நாள் சோதனை வேலை. தேறினால் இரண்டு வருஷத்துக்குப் பயிற்சியாளர் உத்தியோகம். கடிதத்தின் கடைசி வரி மட்டும் தடித்த எழுத்தில் இருந்தது: சொந்த உபகரணங்களோடு வர வேண்டும், இல்லாதவர்கள் வர வேண்டாம். இந்த வயதில் இன்னொரு அழைப்பு வராது என்பது எனக்குத் தெரியும். நைனாவுக்கும் தெரிந்திருக்கும், கேட்டால்தானே.

எனவே ஒரு மாதச் சம்பளத்தைக் கொடுத்து ஒரு பை வாங்கினேன். ஆரஞ்சு நிறம். இரண்டு சக்கரம், இழுக்கிற கைப்பிடி, ஈரம் வடிய வலை, ரெகுலேட்டருக்கென்று பஞ்சு வைத்த தனி அறை. சிலிண்டரில் அடைத்த காற்றை மூச்சுவிடும் அளவுக்குக் குறைத்து வாய்க்குக் கொடுக்கிற கருவிதான் ரெகுலேட்டர். அதற்கே தனி அறை கொடுத்திருந்ததால் பையைச் செய்தவன் விஷயம் தெரிந்தவன் என்று நம்பினேன். பையின் முகப்பில் ஒரு டைவரின் படம், முழு ஆள் உயரத்தில் பாதி.

அக்கா வீட்டுக்காரர் வந்து பார்த்தார். நான் அவரை பாவா என்பேன். அம்மையார்குப்பத்தில் தறிக்காரர்களிடம் சேலை எடுத்து, மூட்டை கட்டி, பஸ்ஸில் ஆந்திரப் பக்கம் கொண்டுபோய் விற்கிறவர். இருபது வருஷமாகத் தோளில் மூட்டை. பையைச் சுற்றி ஒரு நடை நடந்தார். காலியாக இருந்ததை ஒரு கையால் தூக்கினார், கீழே வைத்தார்.

"காலிப் பையே அஞ்சு கிலோ கீதே மச்சான். நீ சரக்கு எத்துகினு போறியா, பையை எத்துகினு போறியா?"

"இது இதுக்குன்னே செஞ்ச பை, பாவா. பாருங்க, சக்கரம் கூட கீது."

"ஆங், பாத்தேன். படம் கூட போட்டுகீறான். உள்ளார இன்னா கீதுன்னு திருடனுக்கு நாமளே எழுதிக் குடுத்தமாதிரி." தன் மூட்டைத் துணியைக் காட்டினார். சாம்பல் நிறம், ஒட்டுப் போட்டது. "இத்த பஸ்ஸு மேல போட்டுட்டு நான் தூங்குவேன். எவனும் தொட மாட்டான். பாத்தாலே பழைய துணின்னு நெனைப்பான்."

அதோடு விட்டிருக்கலாம். தன் மடிப் பையின் கதையையும் சொன்னார். நாங்கள் எல்லோரும் பத்துத் தடவையாவது கேட்ட கதை. சேலை விற்கப் போகிறவன் எல்லாச் சரக்கையும் மூட்டையில் கட்ட மாட்டானாம். ஆறே ஆறு நல்ல சேலை, ஒரு சின்னப் பையில், மடியிலேயே இருக்க வேண்டுமாம். ஒரு முறை அவருடைய மூட்டை வேறு பஸ்ஸோடு திருப்பதிக்குப் போய்விட்டது. இவர் புத்தூரில் அந்த ஆறு சேலையைப் பிரித்துக் காட்டியே மூன்று மூட்டைக்கு ஆர்டர் பிடித்துக்கொண்டு வந்தார். "மூட்டை போனா போவட்டும் மச்சான். எது இல்லன்னா வேபாரம் இல்லியோ, அது மடியில இருக்கணும்."

நான் பொறுமையாகத் தலையாட்டினேன். சேலையும் ஸ்கூபாவும் ஒன்றா என்று மனசுக்குள் ஒரு சிரிப்பு. கிளம்பும்போது அந்தப் பழுப்பு நிற மடிப் பையை என் கையில் திணித்தார். ஒரு ஜவுளிக்கடையின் பெயர் அதில் பாதி அழிந்திருந்தது. நான்காக மடித்து ஆரஞ்சுப் பையின் வெளி அறையில் செருகினேன், அவர் மனசு நோகக் கூடாதே என்று.

அடுத்தது அம்மா. திருத்தணிப் பக்கத்தில் புது வண்டி வாங்கினால் மலைக்குக் கொண்டுபோய்ப் பூஜை போடாமல் ஓட்டுகிறவன் கிடையாது. டிராக்டர், மொபெட், ஷேர் ஆட்டோ, போன வருஷம் ஒரு ஜேசிபி கூட வந்தது. சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து, ஏற்றி நசுக்கி, அப்புறம்தான் ரோட்டில் ஓடும்.

"பெட்டிக்கு யாராச்சும் பூஜை போடுவாங்களாம்மா?"

"சக்கரம் கீதா இல்லியா?"

"கீது."

"அப்ப வண்டிதான். கெளம்பு."

காலி வண்டியை மலைக்குக் கொண்டுபோகக் கூடாது என்பது அம்மாவின் அடுத்த விதி. எனவே சாமான் முழுக்க அடைத்து, பாவாவையும் கூட்டிக்கொண்டுதான் கிளம்பினோம். மேலே வரைக்கும் ரோடு போகிறது, பஸ் போகிறது. ஆனால் அம்மா படியில் ஏறுவதாக வேண்டிக்கொண்டிருந்தாள். முந்நூற்று அறுபத்தைந்து படி. சக்கரம் என்பது எவ்வளவு பெரிய கண்டுபிடிப்பு, ஆனால் படிக்கட்டைக் கண்டதும் எவ்வளவு சீக்கிரம் ஓய்வெடுத்துக்கொள்கிறது என்று நாற்பதாவது படியிலேயே புரிந்தது. தூக்கித் தோளில் வைத்துக்கொண்டேன். காலில் மாட்டுகிற நீல நிறத் துடுப்பு இரண்டும் பைக்குள் அடங்காமல் மேலே நீட்டிக்கொண்டிருந்தன.

அன்றைக்குக் கிருத்திகை. கூட்டத்தில் ஒரு தெலுங்குக்கார அம்மாள் ஒதுங்கி வழிவிட்டு, என் துடுப்பைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். பிறகு பாவாவிடம் தெலுங்கில் கேட்டாள், இது எந்த மாதிரிக் காவடி என்று. பாவா மூச்சு வாங்காமல் தெலுங்கிலேயே பதில் சொன்னார், கடல் காவடி, மாலத்தீவு வரைக்கும் போகிறது என்று. அந்த அம்மாள் அரோகரா என்றாள். பின்னால் வந்த நாலு பேரும் சொன்னார்கள். பாதியில் இறக்கி வைத்து இளைப்பாறலாம் என்று நினைத்திருந்தேன், காவடியை இறக்க முடியுமா, மீதிப் படியையும் அப்படியே ஏறினேன்.

மேலே, அன்றைக்குப் பூஜைக்கு நின்ற வண்டிகள் இரண்டு. ஒன்று லோடு ஆட்டோ, இன்னொன்று என் பை. பூஜை போடுகிறவர் ஒரு கணம் பையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார். அம்மாவைப் பார்த்தபிறகு கேள்வி கேட்கவில்லை. சந்தனம், குங்குமம், கைப்பிடியில் ஒரு முழம் பூ. சக்கரத்துக்கு ஒன்றாக இரண்டு பழம் வைத்துவிட்டு, "இழுங்க" என்றார்.

இழுத்தேன். இடது பக்கப் பழம் நசுங்கியது. வலது பக்கம் டக் என்று ஒரு சத்தம் கேட்டது, பழம் முழுசாக உருண்டு ஓடியது. பச்சை மாறாத, தோல் தடித்த கடைப் பழம்.

"இருந்த திஷ்டி எல்லாம் கழிஞ்சிச்சி," என்றாள் அம்மா. கீழே இறங்கும்போது என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு இன்னொன்றும் சொன்னாள். "வேலை கெடைச்சிச்சின்னு சேதி வர்ற வரைக்கும் கவிச்சி தொடாத தணிகா. வேண்டிகினு கீறேன்." மாலத்தீவில் மீன் கவிச்சியைத் தவிர வேறென்ன இருக்கிறது என்று அவளுக்குத் தெரியாது. எனக்கும் அப்போது தெரியாது, அதனால் சரி என்றேன்.

புறப்பட்ட அன்று விமான நிலையத்தில்தான் அந்த டக் சத்தத்தின் பொருள் விளங்கியது. ஊரில் மண் ரோடு, பஸ் ஸ்டாண்டு மேடு பள்ளம், ரயில் நிலையப் படி, எல்லா இடத்திலும் தூக்கிக்கொண்டே வந்தவன், வழவழவென்று தரை போட்டிருந்த ஒரே இடத்தில் ஆசையாகப் பையை இறக்கி இழுத்தேன். பத்தடி போனதும் வலது சக்கரம் பாதியாகப் பிளந்து தனியே ஓடியது. குனிந்து எடுத்தேன். பிளவில் பச்சையாகக் கொஞ்சம் தோல் ஒட்டியிருந்தது. எலுமிச்சம்பழத்தை நசுக்கப் போன வண்டியை எலுமிச்சம்பழம் நசுக்கியிருக்கிறது. அரைச் சக்கரத்தைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு பையைத் தோளில் ஏற்றினேன்.

கவுண்டரில் எடை போட்டார்கள். இருபது கிலோவுக்கு அனுமதி. இருபத்து நாலு காட்டியது. அங்கே இருந்த பெண், நாலு கிலோவைக் கையில் எடுத்துக்கொள்ளுங்கள், இல்லையென்றால் கட்டணம் கட்டுங்கள் என்றாள். கட்டணத்தைச் சொன்னாள். நான் பையைத் திறந்தேன்.

உள்ளே என் உபகரணங்களுக்கு மேலே அம்மாவின் மாங்காய் ஊறுகாய் இரண்டு பெரிய டப்பாவில் உட்கார்ந்திருந்தது. எப்போது வைத்தாள் என்று தெரியவில்லை. சரியாக நாலு கிலோ இருக்கும். கையில் எடுத்தேன். எண்ணெய் ஊறுகாயை விமானத்துக்குள் விட மாட்டார்கள் என்றாள் அந்தப் பெண். அப்படியானால் குப்பைத் தொட்டி. தொட்டி பக்கத்திலேயே இருந்தது. டப்பாவின் மூடியில் அம்மா துணி வைத்துக் கட்டி, அதற்கு மேல் ஒரு நூல் சுற்றி, முடிச்சில் மஞ்சள் தடவியிருந்தாள். போட முடியவில்லை. யாராக இருந்தாலும் முடியாது.

ஊறுகாயைத் திரும்ப உள்ளே வைத்துவிட்டு, அதற்குச் சமமான எடையில் வேறு என்ன இருக்கிறது என்று தேடினேன். பஞ்சு அறையில் ரெகுலேட்டர். அதோடு முகக் கண்ணாடி, ஆழமும் நேரமும் காட்டுகிற கைக்கடிகாரம் போன்ற கம்ப்யூட்டர், டார்ச் லைட். எடுத்தால் போட ஒரு பை வேண்டும். வெளி அறையில் நான்காக மடித்துச் செருகிய பாவாவின் மடிப் பை இருந்தது. இதையெல்லாம் யோசித்துச் செய்த புத்திசாலி என்று பின்னால் சிலர் என்னைப் பாராட்டினார்கள். நான் மறுக்கவில்லை. உண்மை என்னவென்றால் ஊறுகாய்க்கு இடம் விட்டு ரெகுலேட்டரை வெளியேற்றியவன் நான்.

பாதுகாப்புச் சோதனையில் ரெகுலேட்டரைத் தட்டில் வைத்தார்கள். நாலு குழாய், இரண்டு வாய்ப்பகுதி, ஒரு பித்தளை உருண்டை. அந்த அதிகாரி அம்மா அதைப் புரட்டிப் பார்த்தார்.

"என்னங்க இது?"

"மூச்சு விடறதுங்க."

"வீசிங்கா உங்களுக்கு?" என்றார் கரிசனமாக. தண்ணீருக்குள் என்று விளக்கினேன். வாயில் வைத்து ஊதியும் காட்டினேன். வரிசையில் பின்னால் நின்ற ஒருவர் தன் மனைவியிடம், பாவம், சின்ன வயசு என்று சொன்னது காதில் விழுந்தது. என்னைச் சீக்கிரம் விட்டுவிட்டார்கள்.

நடுவில் ஒரு ஊரில் விமானம் மாறி, மாலத்தீவில் இறங்கினேன். சாமான் வரும் பட்டை சுற்றியது. பெட்டிகள் வந்தன, எல்லாமே நல்ல சக்கரம் வைத்தவை. எல்லோரும் எடுத்துக்கொண்டு போனார்கள். பட்டை கொஞ்ச நேரம் காலியாகச் சுற்றிவிட்டு நின்றது. ஆரஞ்சுப் பை வரவில்லை.

அந்த நிமிஷத்தை எழுத எனக்கு இப்போதும் கை வரவில்லை. சொந்த உபகரணம் இல்லாதவர்கள் வர வேண்டாம் என்ற தடித்த எழுத்து கண் முன்னால் நின்றது. திரும்பிப் போய் நைனா முன்னால் நிற்பதை நினைத்தேன். அவர் ஒன்றும் கேட்க மாட்டார். அதுதான் தாங்க முடியாதது.

அலுவலகத்தில் படிவம் கொடுத்தார்கள். உள்ளே என்னென்ன இருந்தது என்று எழுதச் சொன்னார்கள். மிதவைச் சட்டை, ரப்பர் உடை, துடுப்பு, காலணி, மாங்காய் ஊறுகாய். அந்த இளைஞன் கடைசி வரியில் பேனாவை நிறுத்தி, அது எவ்வளவு என்று கேட்டான். நாலு கிலோ என்றேன். மற்றவற்றுக்கு அளவு கேட்காதவன் இதை மட்டும் கவனமாக எழுதிக்கொண்டான். கிடைத்தால் தீவுக்கு அனுப்புகிறோம் என்றான். கிடைத்தால் என்ற சொல்லை அவன் அவ்வளவு லேசாகச் சொல்லியிருக்க வேண்டாம்.

தீவுக்குப் போகும் படகில் பாவாவின் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். பக்கத்தில் ஒரு அம்மாள் முட்டை அட்டைகளை மடியில் வைத்திருந்தாள். சோளிங்கர் பஸ்ஸில் முட்டையோடு வருகிறவர்கள் எப்படி உட்காருவார்களோ அப்படியே உட்கார்ந்திருந்தாள். படகுக்காரர்கள் மற்றவர்களின் சாமானை ஆளுக்கு ஆள் வீசிப் பிடித்து ஏற்றினார்கள். கோணிப்பை, துணிப்பை, கயிறு கட்டிய அட்டைப்பெட்டி. ஒரு வெள்ளைக்காரர் சக்கரப் பெட்டியை இழுத்துக்கொண்டு வந்து, படகுக்கும் துறைக்கும் நடுவில் இருந்த இடைவெளியைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டார். இரண்டு பேர் சேர்ந்து பெட்டியைத் தலையில் தூக்கினார்கள். தீவில் இறங்கினால் ரோடே இல்லை. எங்கும் மணல். சக்கரம் ஓட ஓரடி இடமில்லாத நாட்டுக்குச் சக்கரத்துக்குப் பூஜை போட்டு வந்திருந்தேன்.

டைவிங் நிலையத்தின் மேலாளர் பெயர் நஸீர். ஐம்பது வயதுக்காரர், குரல் ஏறவே ஏறாது. அவர் பேசியது ஆங்கிலம், நான் தமிழில் தருகிறேன்.

"உன் பை எங்கே?"

"வந்துகொண்டிருக்கிறது."

"இப்படிச் சொன்ன மூன்று பேரைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். நாளைக் காலை ஏழு மணிக்குப் படகு." என் மடியைப் பார்த்தார். "அதில் என்ன?"

பாவாவின் பையின் ஜிப்பைத் திறந்து மேசைமேல் ஒவ்வொன்றாக வைத்தேன். ரெகுலேட்டரைக் கையில் எடுத்து, குழாய்களை வளைத்துப் பார்த்தார். வாயில் வைக்கும் பகுதியில் என் பல் பதிந்த தடத்தைப் பார்த்தார். கம்ப்யூட்டரில் பழைய டைவ் கணக்கைப் புரட்டினார். வெகுநேரம் எடுத்துக்கொண்டார்.

"துடுப்பும் சட்டையும் கொட்டகையில் கிடக்கிறது, உன் அளவுக்கு எடுத்துக்கொள்," என்றார் கடைசியில். "அதெல்லாம் இரவல் தருவேன். மூச்சை மட்டும் நான் யாருக்கும் இரவல் தருவதில்லை. தன் ரெகுலேட்டரை மூட்டையில் போட்டு அனுப்புகிறவனை நம்பி என் விருந்தாளிகளைத் தண்ணீருக்குள் விட மாட்டேன்."

பாவா அந்த மேசைக்குப் பின்னால் உட்கார்ந்து பேசியது போல இருந்தது. வெளியே வந்து, கொட்டகைக்குத் துடுப்பு தேடப் போனேன்.

சாப்பாடு இன்னொரு சோதனை. காலையில் சூரை மீனைத் துருவிய தேங்காயோடு பிசைந்து ரொட்டியோடு தருகிறார்கள். மத்தியானம் சூரை மீன் சாறு. மாலைப் பலகாரம் சூரை மீன் உள்ளே வைத்துப் பொரித்த உருண்டை. பார்க்க நம்மூர்ப் போண்டா போலவே இருக்கிறது, அதுதான் கொடுமை. அம்மாவின் வேண்டுதலை நினைத்து ரொட்டியும் சர்க்கரையும் தின்றேன். சமையல்காரர் நெல்லூர்ப் பக்கம், தெலுங்கு பேசுகிறவர். விஷயத்தைச் சொன்னேன். திருத்தணியா என்று கேட்டுக் கையைக் குவித்தார். மறுநாளிலிருந்து எனக்கு மட்டும் தேங்காய் தனியாக வந்தது.

காலை ஏழு மணிப் படகில் எனக்கு இரண்டு பேரைக் கொடுத்தார்கள், ஒரு நடுவயதுத் தம்பதி. நஸீர் பின்னால் வந்தார், ஒன்றும் சொல்ல மாட்டேன், பார்ப்பேன் என்று. இரவல் துடுப்பு ஒன்று பெரிசு, கட்டைவிரல் உள்ளே வழுக்கியது. இறங்கினோம். எங்கள் கிணற்றில் இரண்டு ஆள் ஆழத்துக்குக் கீழே எதுவும் தெரியாது, தொட்டுத்தான் பார்க்க வேண்டும். இங்கே இருபது ஆள் ஆழத்தில் மீன் செதில் தெரிந்தது. பார்த்துக்கொண்டிருக்க நேரமில்லை. தீவுகளுக்கு நடுவே ஓடும் நீரோட்டம் எங்களைப் பிடித்துக்கொண்டது.

தம்பதியில் அந்த அம்மாளின் முகக் கண்ணாடிக்குள் தண்ணீர் புகுந்தது. பயந்துபோய் வேகமாக மூச்சு வாங்கினாள், மேலே ஓட முயன்றாள். அந்த ஆழத்திலிருந்து விர்ரென்று மேலே போனால் நுரையீரல் தாங்காது. அவள் தோள்பட்டியைப் பிடித்து நிறுத்தினேன். அவளுடைய காற்றுமானி சிவப்பைத் தொட்டிருந்தது. என் ரெகுலேட்டரில் இன்னொருவருக்கென்று இருக்கும் இரண்டாவது வாய்ப்பகுதியை அவள் வாயில் வைத்தேன். எனக்கும் பயம்தான், பொய் சொல்வானேன். ஆனால் அந்தக் கருவியை நான் ஆறு வருஷமாகக் கழற்றிக் கழுவிப் பூட்டியிருக்கிறேன். காற்று வரும் என்பதில் மட்டும் எனக்குச் சந்தேகம் இல்லை. கண்ணோடு கண் பார்த்து, என்னோடு சேர்ந்து மூச்சு விடச் சொல்லிக் கை காட்டினேன். அவளுடைய கணவரையும் பக்கத்தில் பிடித்துக்கொண்டு, மூன்று பேரும் நிதானமாக, உடம்பில் சேர்ந்த வாயு வெளியேற நிற்க வேண்டிய ஆழத்தில் நின்று, மேலே வந்தோம்.

படகில் அந்த அம்மாள் அழுதாள், பிறகு சிரித்தாள். கரையில் இறங்கும்போது நஸீர், பெரிசான துடுப்பை மாற்றிக்கொள் என்றார்.

நாலாம் நாள் மத்தியானம், சரக்குப் படகில் என் பை வந்தது. ஒரு பங்களாதேஷ்காரர் தலையில் வைத்துக்கொண்டு வந்தார். அவர் சட்டை முதுகில் சிவப்பாக எண்ணெய் வழிந்திருந்தது. என்னவோ என்று பதறி ஓடினேன். பையைத் திறந்ததும் தீவு முழுக்க வெந்தயமும் பெருங்காயமும் வீசியது. ஒரு டப்பா உடைந்து, ரப்பர் உடை ஊறுகாயாகியிருந்தது. பஞ்சு வைத்த ரெகுலேட்டர் அறை, அந்தத் தனி அறை, விளிம்பு வரை எண்ணெய். ஈரம் வடிய வலை வைத்தவன் எண்ணெய் வடிய வழி வைக்கவில்லை.

உடையாத டப்பாவைச் சாப்பாட்டு மேசையில் வைத்தேன். அடுத்த ஆறு நாள் நான் ரொட்டியும் ஊறுகாயும், மற்றவர்கள் சூரை மீனும் ஊறுகாயும். நஸீர் ஒரு துண்டு எடுத்து, கண்ணில் தண்ணீர் வர, இன்னொரு துண்டு எடுத்தார். உடையை ஐந்து தடவை சோப்புப் போட்டுத் துவைத்தேன். அதைப் போட்டுக்கொண்டு இறங்கியபோதெல்லாம் கூட வந்தவர்கள் கொஞ்சம் தள்ளியே நீந்தினார்கள்.

பத்தாம் நாள் காலை நஸீர் ஒரு காகிதத்தை நீட்டினார். இரண்டு வருஷம். ஊருக்குப் போய் மீதிச் சாமானைக் கொண்டுவர மூன்று வாரம் அவகாசம். "அந்த ஆரஞ்சுப் பையைக் கொண்டுவராதே," என்றார். "ஊறுகாயைக் கொண்டுவா."

வீட்டுக்குப் போன் போட்டேன். அம்மா எடுத்தாள். வேலை கிடைத்ததைச் சொன்னேன். மறுமுனையில் மூக்கைச் சிந்துகிற சத்தம். அப்புறம் கேட்டாள்.

"வண்டி நல்லா ஓடிச்சா?"

சட்டைப் பையில் அரைச் சக்கரம் இருந்தது. "நல்லா ஓடிச்சிம்மா," என்றேன். அன்று மத்தியானம் சூரை மீன் போண்டா எட்டு தின்றேன்.

ஊருக்கு வந்ததும் பாவாவிடம் அரைச் சக்கரத்தைக் கொடுத்து நடந்ததைச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை, அதுவே பெரிய மரியாதை. தன் மூட்டைத் துணியில் ஒரு பை தைத்துத் தந்தார். சாம்பல் நிறம், முதுகில் மாட்ட இரண்டு பட்டை, படம் கிடையாது, சக்கரம் கிடையாது, எடை ஒரு கிலோவுக்கும் கீழே. யார் பார்த்தாலும் பழைய துணி. மடிப் பையைத் திருப்பிக் கொடுக்கப் போனேன். "அது உன்கிட்டியே இருக்கட்டும் மச்சான், நான் வேற தெச்சிக்கிறேன்," என்றார்.

கிளம்புகிற நாள். சாம்பல் பை முதுகில், பழுப்புப் பை கையில், வாசலில் நின்றேன். அம்மா சந்தனக் கிண்ணத்தோடு வந்து என்னைச் சுற்றிப் பார்த்தாள். பூஜை போட வண்டி இல்லை.

"சக்கரமே இல்லியே. பழத்தை எங்க வெக்கிறது?"

அப்போது நைனா கொல்லைப் பக்கமிருந்து வந்தார். கையில் எங்கள் மரத்து எலுமிச்சம்பழம் இரண்டு, நன்றாகப் பழுத்தவை. குனிந்து, ஒன்றை என் வலது காலுக்கு முன்னாலும் இன்னொன்றை இடது காலுக்கு முன்னாலும் வைத்தார். நிமிராமலே பேசினார்.

"தோலு மெல்லிசா பாத்துப் பறிச்சேன். தண்ணியில பாத்து எறங்கு."

ஆறு வருஷத்தில் என் தொழிலைப் பற்றி அவர் பேசிய முதல் பேச்சு அது. நான் வலது காலை எடுத்து வைத்தேன், பிறகு இடது காலை. இரண்டு பழமும் நசுங்கின.